முன்பணம் கேட்கும் மின்னஞ்சல் மோசடி: அவன் நேரத்தைத் தின்பதா, கணக்கு எண்ணைப் பிடிப்பதா?

கணக்குப்பிள்ளை:

"உங்கள் குடும்பப்பெயர் கொண்ட எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் விமான விபத்தில் இறந்துவிட்டார், வாரிசு இல்லை, 1 கோடியே 85 லட்சம் டாலர் கிடக்கிறது, ஆளுக்குப் பாதி." பதில் போட்டால், அந்தப் பணத்தை விடுவிக்க முதலில் கட்டணம் கட்டுங்கள் என்பான் அனுப்பியவன். இந்த அஞ்சலைப் பார்த்ததும் அழித்துவிடுவது ஒரு வழி. ஏமாந்தவர் மாதிரி பதில் போட்டு அனுப்பியவனை அலைய விடுவது இன்னொரு வழி. ஸ்கேம்பெய்ட்டிங் என்கிறார்கள், நாம் தூண்டில் என்றே சொல்லிக்கொள்வோம்.

கேள்வி என்னவென்றால், தூண்டிலில் எது மாட்டினால் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்வது? அவன் வீணாக்கிய மணிநேரமா, கிறுக்குத்தனமாக எடுத்து அனுப்பிய போட்டோவா? பணம் போடச் சொல்லி அவன் கொடுக்கும் வங்கிக் கணக்கு எண் என்பது என் கட்சி.

அவன் சரக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மின்னஞ்சல் முகவரி இலவசம், முடக்கினால் பத்து நிமிடத்தில் இன்னொன்று. டொமைன் என்கிற இணையதளப் பெயர் சில டாலர். போன் எண் இணையவழி எண். கதை இரவல்: நைஜீரியத் தெருப்பேச்சில் அதற்கு 'ஃபார்மேட்' என்று பெயர், கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். வங்கிக் கணக்கு அப்படி இல்லை. யாரோ ஒருவர் அடையாள அட்டை காட்டித் திறந்தது அது. மியூல் கணக்கு என்கிற அந்த வாடகைக் கணக்குக்குக் கமிஷன் கொடுத்தாக வேண்டும். அதே வாரத்தில் வேறு நாலு பேருக்கும் அதே எண்ணைத்தான் கொடுத்திருப்பான். வங்கி அதை முடக்கினால் அந்த நாலு பேர் பணமும் போகும் வழியிலேயே நிற்கும்.

மறுப்பவர்கள் வரலாம்.

பழைய_தபால்:

மறுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பூர்வீகம். இது மின்னஞ்சலோடு பிறந்த சங்கதி இல்லை. பிரெஞ்சுக் காவல்துறையின் விடோக் தன் நினைவுக் குறிப்புகளில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்று எழுதியிருப்பது இதே கதைதான். சிறையிலிருந்து எழுதுகிறேன், எஜமானரின் நகைப்பெட்டியை ஓரிடத்தில் புதைத்திருக்கிறேன், கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன் என்று போகும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதுவே 'ஸ்பானியக் கைதி' ஆனது. 1980-களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் வந்தது, பிறகு மின்னஞ்சல். பழைய கள், மொந்தை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த மோசடிக்கு 419 என்றும் ஒரு பேர் உண்டு. அந்த எண் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் பொய்சொல்லிப் பொருள் பறிப்பதற்கான பிரிவு. 2006-இல் இதற்கென்றே தனிச்சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் பேர் 419 தான். விசாரிப்பது இஎஃப்சிசி என்ற பொருளாதாரக் குற்ற ஆணையம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மோசடிக்காரர்களே அதைத் திருடி எழுதுவார்கள்.

முட்டாள்கள்தான் ஏமாறுவார்கள் என்பவர்களுக்கு ஒன்று. 1995 முதல் 1998 வரை பிரேசிலின் பாங்கோ நோரோஸ்தே வங்கியிலிருந்து 24 கோடியே 20 லட்சம் டாலர் போனது. இமானுவேல் ந்வூதே என்பவர் நைஜீரிய மத்திய வங்கி ஆளுநராக வேடம் போட்டு, அபுஜாவில் புதிய விமான நிலையம் கட்டுகிறோம் என்றார். ஏமாந்தவர் அந்த வங்கியின் சர்வதேசப் பிரிவு அதிகாரி, அவருக்குக் காட்டிய கமிஷன் 1 கோடி டாலர். தண்டனை 2005-இல் வந்தது.

சும்மா_ஒரு_கேள்வி:

அண்ணா, ஒரு சந்தேகம். வங்கி அதிகாரியையே ஏமாத்துற அளவுக்கு மூளை இருக்குன்னா, அஞ்சலை மட்டும் ஏன் இவ்வளவு கேனத்தனமா எழுதுறாங்க? நைஜீரியான்னு சொல்லாம இருந்தாலே பாதிப் பேர் நம்புவாங்களே?

கணக்குப்பிள்ளை:

பாதிப் பேர் நம்பினால் அவனுக்கு நஷ்டம், தம்பி.

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் கார்மக் ஹெர்லி 2012-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு லட்சம் அஞ்சல் அனுப்ப அவனுக்குச் செலவே இல்லை. பதில் வந்தபிறகுதான் செலவு: ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் உட்கார்ந்து வாரக்கணக்கில் கடிதம் எழுத வேண்டும். பாதியில் சுதாரித்து விலகுகிற புத்திசாலி அவனுக்கு வெறும் செலவு. அதனால் வாசலிலேயே சல்லடை கட்டுகிறான். கேனத்தனமான கதையைப் படித்தும் பதில் போடுகிறவர் கடைசிவரை வருவார்.

தூண்டில் போடுகிறவர் என்ன செய்கிறார்? அந்தச் சல்லடையில் வேண்டுமென்றே தங்குகிறார். நேரத்தைத் தின்பது என்ற கட்சிக்கு இதுதான் அடிப்படை, அதை நான் தள்ளிவிடவில்லை.

ஹெட்டர்_வாசகன்:

தூண்டில் போடுவதற்கு முன்னால் அஞ்சலைப் படிக்கத் தெரிய வேண்டும். கதையைச் சொல்லவில்லை, அஞ்சல் வந்த வழியைப் பதிந்திருக்கும் தலைப்பு வரிகளான ஹெட்டரைச் சொல்கிறேன். மின்னஞ்சல் தளத்தில் 'மூலத்தைக் காட்டு' அல்லது 'ஷோ ஒரிஜினல்' என்று இருக்கும், அதைத் திறங்கள்.

முதலில் ஃப்ரம் (அனுப்பிய முகவரி), ரிப்ளை-டு (பதில் போகும் முகவரி) இரண்டையும் ஒப்பிடுங்கள். ஃப்ரமில் ஏதோ ஒரு பள்ளியின், சிறு நிறுவனத்தின் முகவரி இருக்கும். அது களவாடப்பட்ட கணக்கு, அனுப்புவதற்கு மட்டும். ரிப்ளை-டுவில் ஓர் இலவச முகவரி இருக்கும். மோசடிக்காரன் உட்கார்ந்து படிப்பது அதைத்தான். பெரும்பாலோர் ஃப்ரமை மட்டும் புகார் செய்துவிட்டுப் போகிறார்கள். கணக்கைப் பறிகொடுத்தவருக்குத் தகவல் போவது நல்லதுதான், ஆனால் ஆள் தப்பிவிடுகிறான். ரிப்ளை-டு எந்த நிறுவனத்தின் முகவரியோ அந்த நிறுவனத்துக்கும் புகார் போக வேண்டும்.

அடுத்து ரிசீவ்ட் வரிகள், வழியில் ஒவ்வொரு அஞ்சல் சர்வரும் எழுதிச் சேர்ப்பவை. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், அடியில் இருப்பது முதல் நிறுத்தம். ஆனால் அடியில் இருப்பதை நம்பவும் கூடாது. நம்முடைய அஞ்சல் சர்வர் எழுதிய வரி மட்டும்தான் உறுதி, அதற்குக் கீழே இருப்பது எல்லாம் அனுப்பியவன் இட்டுக்கட்டியதாக இருக்கலாம். நம் சர்வரின் பெயரைத் தேடிப் பிடித்து, அது யாரிடமிருந்து வாங்கியதாக எழுதியிருக்கிறதோ அந்த ஐபியை, அதாவது இணைய எண்முகவரியை, எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய டொமைனைச் சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் 'பாஸ்' என்று இருந்தால் நல்ல அஞ்சல் என்று நினைக்காதீர்கள். இலவச முகவரியில் கணக்குத் திறந்து அதிலிருந்தே அனுப்பினால் மூன்றும் தேறும். இந்த முகவரி இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்குத்தான் அவை சாட்சி. எழுதியவன் யோக்கியன் என்று அவை எங்கும் சொல்வதில்லை.

சும்மா_ஒரு_கேள்வி:

அந்த ஐபியை வெச்சு ஆள் எந்த ஊர்ல இருக்கான்னு கண்டுபிடிக்கலாமா?

ஹெட்டர்_வாசகன்:

பெரும்பாலும் முடியாது. ஒருகாலத்தில் சில இலவச அஞ்சல் தளங்கள் எக்ஸ்-ஒரிஜினேட்டிங்-ஐபி என்று அனுப்பியவரின் ஐபியையே சேர்த்து அனுப்பின. ஜிமெயிலை உலாவியில் திறந்து அனுப்பினால் அது கிடைக்காது, நிறுவனத்தின் சர்வர் ஐபிதான் தெரியும். கிடைத்தாலும் பாதி நேரம் அது நிஜ இடத்தை மறைக்கும் விபிஎன்னின் ஐபி. ஊரைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

புகார் அனுப்பும்போது சாதாரண ஃபார்வர்டு போட்டால் ஹெட்டர் முழுக்க உதிர்ந்துவிடும். அஞ்சலை ஹெட்டரோடு சேர்த்து .ஈஎம்எல் கோப்பாக இறக்கி, இணைப்பாக அனுப்புங்கள். பல புகார்கள் மூடப்படுவது இந்த ஒரு காரணத்தால்.

கழுகுக்கண்:

அவன் ஹெட்டரை நாம் படிப்பது இருக்கட்டும், நம் ஹெட்டரை அவன் படிப்பான் என்பதையும் சொல்லுங்கள். தூண்டில் போடுகிறவர்கள் சிந்திவிட்டுப் போகிறவை:

நேர மண்டலம். லண்டனில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அனுப்பிய அஞ்சலின் டேட் வரியில் +0530 என்று நிற்கும். கணினியிலும் அஞ்சல் கணக்கிலும் மண்டலத்தை மாற்றிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மேற்கோள் வரி. பதில் போடும்போது பழைய அஞ்சலுக்கு மேலே "இத்தனை மணிக்கு இன்னார் எழுதியது" என்று தானாக வருமே, அதில் உங்கள் ஊர் நேரம் இருக்கும். தளத்தின் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் அந்த வரியே தமிழில் போய் நிற்கும். ஓஹையோ விவசாயி வேடம் அதோடு முடிந்தது.

படங்கள். போனில் எடுத்த படத்தில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். அதைத் துடைத்துவிட்டு அனுப்புகிறேன் என்று கிளம்ப வேண்டாம், படமே அனுப்பாதீர்கள்.

தொலைப்படங்கள். அவன் அஞ்சலில் ஒரு புள்ளியளவு படம் வேறு சர்வரிலிருந்து ஏறும்படி வைத்தால், திறந்த நேரமும் சில தளங்களில் ஐபியும் அவனுக்குப் போகும். படங்கள் தானாக ஏறுவதை அணைத்து வையுங்கள்.

இணைப்புகளைச் சொந்தக் கணினியில் திறக்கவே வேண்டாம். தனி மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), தனி உலாவி, தனி அஞ்சல் கணக்கு. மீட்பு எண்ணாக உங்கள் சொந்த போனைக் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை:

தூண்டிலின் நடைமுறைக்கு வருகிறேன். கணக்கு எண்ணை நோக்கித்தான் இந்த வரிசை.

முதல் பதில் மூன்று வரி. "அஞ்சல் கிடைத்தது, விவரம் சொல்லுங்கள்" என்ற அளவுக்கு. இங்கேயே பணம் எங்கே போட வேண்டும் என்று கேட்டால் காரியம் கெட்டது. அவன் ஃபார்மேட்டில் அந்தக் கேள்வி ஆறாம் ஏழாம் கடிதத்தில்தான் வரும், முன்னாலேயே கேட்பவர் போலீஸ் அல்லது நம்ம ஆள் என்று தெரிந்துகொள்வான்.

அடுத்து ஒரு படிவம் வரும்: பெயர், முகவரி, வயது, தொழில், போன், அடையாள அட்டை நகல். பெயர் சாதாரணமாக இருக்கட்டும், சிலேடை வைக்காதீர்கள். முகவரிக்குக் குத்துமதிப்பாக ஒரு தெருவைப் போட்டால் அங்கே நிஜமாக யாரோ குடியிருப்பார், அவர் வீட்டுக்குப் போலிக் காசோலை கூரியரில் போகும். இல்லாத தெருவாக இருக்க வேண்டும். போனுக்கு, காது கேட்காது, எழுத்துதான் வசதி என்று சொல்லிவிடலாம்.

அடையாள அட்டைதான் இடறும் இடம். விளையாட்டுக்குக்கூடப் போலி பாஸ்போர்ட் செய்யாதீர்கள், பெரும்பாலான நாடுகளில் அதுவே குற்றம். ஒரு வெற்று உரைக்கோப்புக்குப் படக்கோப்பின் பெயர் வைத்து அனுப்பினால் திறக்காது. "என் பக்கம் திறக்கிறதே" என்று இரண்டு முறை சொன்னால் அவனே விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவான். கட்டணம்தான் அவனுக்கு வேண்டியது.

பிறகு கட்டணம் வரும். பணப்பரிமாற்றக் கடை, பரிசு அட்டை, கிரிப்டோ என்று முதலில் கேட்பான். இங்கே பிடிவாதம் காட்ட வேண்டும்: அதெல்லாம் தெரியாது, வங்கிக் கவுன்ட்டர்தான் தெரியும், அங்கே பெறுபவரின் முழுப்பெயர், முகவரி, கணக்கு எண், வங்கியை உலக அளவில் அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு நாலும் இல்லாமல் படிவத்தை வாங்க மாட்டார்கள் என்று எழுதுங்கள். வயதான ஆள் வேடத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். இரண்டு மூன்று முறை முரண்டு பிடித்துவிட்டு எண் கொடுப்பான்.

எண் வந்ததும் சரிபார்த்து, வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து, "வங்கியில் பணம் திரும்பிவிட்டது, பெறும் கணக்கில் ஏதோ கோளாறாம், வேறு கணக்கு இருக்கிறதா?" இப்படி ஒரே தூண்டிலில் இரண்டு மூன்று கணக்கு வருவதுண்டு. 'மோசடி' என்ற சொல் மட்டும் உங்கள் கடிதத்தில் எங்கும் வரக்கூடாது.

நிலா92:

ஐபேன் என்கிற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கும் முறையை நான் சொல்லிவிடுகிறேன். முதல் நாலு எழுத்தை எடுத்துக் கடைசியில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளை எண்ணாக்குங்கள்: ஏ 10, பி 11 என்று இசட் 35 வரை. வருகிற நீள எண்ணை 97 ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நீளமும் நாட்டுக்கு நாடு நிலையானது: நார்வே 15, ஜெர்மனி 22, பிரிட்டன் 22, மால்டா 31. அமெரிக்காவுக்கும் நைஜீரியாவுக்கும் ஐபேன் கிடையாது. நைஜீரியக் கணக்கு எண் 10 இலக்கம்.

ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து. முதல் நாலு வங்கி, ஐந்தும் ஆறும் நாடு. கடிதத்தில் ஸ்பெயின் வங்கி, குறியீட்டில் நாடு வேறு என்று அடிக்கடி உதைக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'உங்கள் பெயரில் கோடிகள் கிடக்கும் கணக்கு' என்று சான்றிதழில் அச்சிட்ட ஐபேன் கற்பனை, தேறாது. பணம் போடச் சொல்லும் ஐபேன் நிஜம், தேறும். அதனால் தேறிவிட்டது, ஆள் நல்லவன் என்று ஏமாந்தவரின் வீட்டாரே வாதாடுவார்கள்.

வில்லாளன்:

கணக்குப்பிள்ளை சொல்வது எல்லாம் சரி, ஆனா சப்புனு இருக்கு. கொமோடோர் 64 விசைப்பலகையை மரத்துல செதுக்கி அனுப்ப வெச்சாங்களே, 419 ஈட்டர்ங்கிற தூண்டில் தளத்து ஆட்கள்? அந்த மாதிரி ஒரு வெற்றிக்கோப்பை கிடைச்சாதான் பத்து பேர் படிச்சுட்டு விழிப்பா இருப்பாங்க. வேற நாட்டுக்கு வரவழைச்சு விமான நிலையத்துல காக்க வைக்கிறதையும் சேர்த்துக்கலாம். பணமும் நேரமும் அவனுக்குத்தான் நஷ்டம்.

கழுகுக்கண்:

மரச்சிற்பம் யாருக்கும் கெடுதல் இல்லை, ரசிக்கலாம். பயணத்துக்கு நான் உடன்பாடு இல்லை. 'சஃபாரி' என்று செல்லமாகப் பெயர் வைத்துக் கலவரப் பகுதி எல்லைக்கு ஆளை அனுப்புவது, அனுப்பியவரின் பெயரில் ஒரு உயிர் போகும் காரியமாக முடியலாம். கேலி வாசகம் எழுதிய பலகையைக் கையில் பிடித்துப் போட்டோ கேட்பதிலும் இன்னொரு கோளாறு இருக்கிறது: படத்தில் நிற்பது மோசடிக்காரன் என்பதற்கு என்ன அத்தாட்சி? தெருவில் போகிற யாருக்கோ நாலு காசு கொடுத்து நிற்க வைத்திருப்பான். அவமானம் அந்த அப்பாவிக்கு, சிரிப்பு நமக்கு. அதிலும் வரும் படங்களில் எல்லாம் கறுப்பர்களைக் கேலிப்பொருளாக நிறுத்திச் சிரிப்பதை வெற்றிக்கோப்பை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவன் அஞ்சல் கணக்குக்குள் நுழைவது, அவன் தளத்தைத் தாக்கி விழவைப்பது எல்லாம் நம் பக்கம் குற்றம். ஆர்ட்டிஸ்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் 419 குழுவினர் ஒருகாலத்தில் போலி வங்கித் தளங்களின் படங்களைத் திரும்பத் திரும்ப ஏற்றி, மாதாந்தரப் போக்குவரத்து அளவைத் தீர்த்துத் தளத்தை முடக்கினார்கள். 2007-இல் அவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். போலி வங்கிகளின் பட்டியலைத் தொகுப்பதும் புகார் கொடுப்பதும்தான் மிஞ்சியது.

மட்டுறுத்தர்:

ஒரு பதிவு நீக்கப்பட்டது. கணக்கு எண்ணையும் கணக்குக்காரரின் பெயரையும் இங்கே போடாதீர்கள். மியூல் கணக்குக்காரரில் கணிசமானவர்கள் தாங்களே ஏமாந்தவர்கள்: இணையக் காதலில் விழுந்தவர், 'பணப்பரிமாற்ற ஏஜென்ட் வேலை' என்று நம்பிச் சேர்ந்தவர். பொதுவில் போட்டால் மோசடிக்காரன் முதலில் பார்த்துவிட்டுக் கணக்கைக் கைகழுவுவான், வங்கி முடக்குவதற்குள் பணம் போய்விடும். வங்கிக்கு மட்டும் அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை:

வங்கிக்கு அனுப்புவதிலும் பக்குவம் வேண்டும். வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்பினால் "உங்கள் கணக்கு எண்ணைக் குறிப்பிடவும்" என்று தானியங்கிப் பதில்தான் வரும். மோசடிப் பிரிவின் முகவரியை வங்கியின் சொந்தத் தளத்தில் தேடுங்கள். முதல் வரியிலேயே "நான் பணம் எதுவும் அனுப்பவில்லை, முன்பண மோசடியில் பயன்படும் கணக்கு இது" என்று சொல்லிவிட வேண்டும். கணக்கு விவரம் உரையாக, படமாக அல்ல. கணக்கு எண் வந்த அஞ்சல் .ஈஎம்எல் ஆக. கதையை இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள்.

பதில் வராது. வாடிக்கையாளரின் இரகசியம் என்பதால் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று மூன்றாம் மனிதருக்குச் சொல்ல மாட்டார்கள். வேலை நடக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

ஹெட்டர்_வாசகன்:

போலி வங்கித் தளத்தைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. ஆளை உடைக்கிற இடமே அதுதான்.

மோசடிக்காரன் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பான். நுழைந்தால் உங்கள் பெயர், கீழே பல லட்சம் டாலர் இருப்பு. 'பணம் அனுப்பு' அழுத்தினால் ஒரு பச்சைப் பட்டை ஓடும்: 20, 45, 70... பாதிக்கு மேல் வந்து நின்றுவிடும். "சிஓடி குறியீட்டை உள்ளிடவும்." பரிமாற்றச் செலவுக்கான குறியீடாம், கட்டணம் கட்டினால் தருவார்கள். கட்டி, குறியீட்டைப் போட்டால் பட்டை கொஞ்சம் நகர்ந்து மறுபடி நிற்கும்: வரிக் குறியீடு. அப்புறம் ஐஎம்எஃப் குறியீடு. சர்வதேச நிதியத்துக்கும் தனிமனிதரின் பணப்பரிமாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பட்டை எதையும் அனுப்புவதில்லை, எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று எழுதிவைத்த ஒரு ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். இந்த ஸ்கிரிப்டுகள் தயாராகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அதனால் பெயர் வேறு வேறாக உள்ள பத்து 'வங்கிகளில்' ஒரே பிழையுள்ள வாக்கியம் இருக்கும். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் விநோதமான ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் கூடப்பிறந்தவர்கள் வரிசையாக வருவார்கள்.

அந்தத் தளத்தை முடக்குவதற்கு இரண்டு வாசல். தளத்துக்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் அதை அழித்தால் அன்று மாலையே அதே டொமைன் வேறு ஹோஸ்டில் எழும். டொமைன் பதிவு நிறுவனம் 'கிளையண்ட் ஹோல்ட்' போட்டால் பெயரே வேலை செய்யாது, அதைத்தான் முதலில் முயல வேண்டும். பதிவு நிறுவனம் எது, டொமைன் எப்போது பதிவானது என்பதை டொமைன் பதிவு விவரம் காட்டும் ஆர்டாப் தேடலில் பார்க்கலாம். 1924 முதல் சேவை என்று பீற்றுகிற வங்கியின் டொமைன் போன மாதம் பதிவாகியிருக்கும்.

புகாரின் சொற்களும் முக்கியம். 2024 ஏப்ரலில், டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு பதிவு நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தம் திருத்தப்பட்டு, மால்வேர் (கெடுமென்பொருள்), பாட்நெட் (கைப்பற்றப்பட்ட கணினிக் கூட்டம்), ஃபிஷிங் (போலிப் பக்கம் காட்டிக் கடவுச்சொல் பறிப்பது), ஃபார்மிங் (போலித் தளத்துக்குத் திருப்பிவிடுவது), இவற்றைச் சுமந்துவரும் ஸ்பாம் ஆகியவற்றில் தக்க ஆதாரம் கிடைத்தால் பதிவு நிறுவனங்கள் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றானது. 'மோசடித் தளம்' என்று மட்டும் எழுதினால், உள்ளடக்கப் பிரச்சினை, எங்கள் பொறுப்பு இல்லை என்று தட்டிக்கழிப்பார்கள். அந்தத் தளம் கடவுச்சொல், அடையாள அட்டை நகல் கேட்கும் பக்கத்தைப் படம்பிடித்து, ஃபிஷிங் என்று காட்டுங்கள். நிஜ வங்கியின் உரிம எண்ணைத் திருடிப் போட்டிருந்தால் அந்த நிஜ வங்கிக்கும் ஒரு வரி எழுதுங்கள், அவர்கள் புகார் நம்முடையதைவிட வேகமாக நகரும்.

நிலா92:

எம்டி103 என்ற தாளைக் காட்டி "பணம் கிளம்பிவிட்டது" என்பார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்டி103 வங்கிகளுக்கு இடையே போகும் செய்தி வடிவம், அதன் அச்சு பணத்துக்கு அத்தாட்சி ஆகாது. நாடுவிட்டு நாடு போகும் பரிமாற்றங்கள் 2025 நவம்பரோடு ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய செய்தி வடிவத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் போலிகள் பழைய எம்டி103 படத்தைத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

பார்க்க வேண்டியது யூஇடிஆர் என்ற தடம்பற்றும் எண். கோடுகளோடு சேர்த்து 36 குறிகள், 8-4-4-4-12 என்று பிரிந்திருக்கும். மூன்றாவது தொகுதி 4-இல்தான் தொடங்கும். நான்காவது 8, 9, ஏ, பி இவற்றில் ஒன்றில் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு தட்டிய எண் இங்கேயே உதிர்ந்துவிடும். தேறினாலும், பணம் வரவேண்டிய வங்கியில் காட்டித் தேடச் சொன்னால் ஒன்றும் அகப்படாது.

சும்மா_ஒரு_கேள்வி:

சரி, ஒருத்தர் ஏற்கெனவே அனுப்பிட்டார்னா? அவர் இன்னும் நம்பிட்டே இருக்கார்னு வெச்சுக்கங்க.

பழைய_தபால்:

பணத்துக்கு முதலில். வங்கி வழியாகப் போயிருந்தால் மணிக்கணக்கில்தான் வாய்ப்பு. அனுப்பிய வங்கிக்குப் போன் செய்து 'மோசடி, ஸ்விஃப்ட் ரீகால் அனுப்புங்கள்' என்று அதே சொற்களில் கேட்க வேண்டும். பணத்தைத் திருப்பச் சொல்லி வங்கிக்கு வங்கி போகும் செய்திதான் ரீகால். அமெரிக்காவிலிருந்து போனது என்றால் எஃப்பிஐயின் ஐசி3 என்ற இணையக் குற்றப் புகார் தளத்தில் உடனே பதிவு செய்யுங்கள். 50,000 டாலருக்குக் குறையாத வெளிநாட்டுப் பரிமாற்றமாக, 72 மணி நேரத்துக்குள், ரீகால் அனுப்பப்பட்டதாக இருந்தால் அவர்களுடைய தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டில் சேரும். பரிசு அட்டை என்றால் அட்டையையும் ரசீதையும் வைத்துக்கொண்டு அட்டை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், இருப்பு மிச்சம் இருந்தால் முடக்குவார்கள். கிரிப்டோவைத் திருப்ப முடியாது. பரிவர்த்தனைக் குறியீட்டைக் காவல்துறைக்கும், பணம் போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்ச் தெரிந்தால் அதற்கும் கொடுங்கள்.

நம்பிக்கொண்டிருப்பவரிடம் "ஏமாந்துவிட்டீர்கள்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரே ஒரு கேள்வியை அவரையே அவனிடம் கேட்கச் சொல்லுங்கள்: கட்டணத்தை அந்தக் கோடியிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினால் என்ன? பதில் அநேகமாக மனப்பாடம். "அந்தப் பணம் ஹார்ட்கவர் இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் கீழ் இருக்கிறது, ஒரு காசு கூட எடுக்க முடியாது." அந்தச் சொற்றொடரை அவர் கண்ணெதிரே தேடிக் காட்டுங்கள். அச்சுப்பிசகாமல் அதே வாக்கியம் வேறு பத்துப் பேர் கடிதத்தில் இருப்பதைப் பார்ப்பது நாம் சொல்லும் நூறு புத்திமதியைவிட வேலை செய்யும்.

அவர் நிறுத்திய சில வாரத்தில் இன்னொரு கடிதம் வரும். இஎஃப்சிசி பெயரிலோ, ஒரு வழக்கறிஞர் பெயரிலோ: "உங்களை ஏமாற்றியவனைப் பிடித்துவிட்டோம், பணத்தை மீட்டுவிட்டோம், விடுவிக்கக் கட்டணம்." எவ்வளவு இழந்தார் என்பதைக் காசு சுத்தமாகச் சொல்வார்கள், அதனால் நம்புவார். தெரியாமல் என்ன, எழுதுவது அதே கும்பல்தான், அல்லது பட்டியலை விலைக்கு வாங்கிய வேறு கும்பல்.

வில்லாளன்:

சரி, சஃபாரியை விட்டுட்டேன். ஆனா நேரத்தைத் தின்பதை ரோபோகிட்ட விட்டா என்ன? நியூசிலாந்தின் நெட்சேஃப் அமைப்பு 2017-லயே ரீ:ஸ்கேம்னு ஒண்ணு விட்டாங்களே, மோசடி அஞ்சலை அதுக்கு அனுப்பிவிட்டா அதுவே பதில் போட்டுப் பேசிட்டே இருந்துச்சு.

கணக்குப்பிள்ளை:

2017-இல் எதிரே இருந்தவன் மனிதன், அவன் நேரத்துக்கு விலை இருந்தது. இன்றைக்கு முதல் நாலைந்து கடிதத்தை அவனும் செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரியை வைத்து எழுத முடியும். எழுத்துப்பிழையும் வராது, களைப்பும் வராது. ரோபோவும் ரோபோவும் பேசிக்கொண்டிருந்தால் யாருடைய நேரம் தீரும்? ஹெர்லி சொன்ன செலவுக் கணக்கே தலைகீழாகிவிடும். கணக்கு எண் மட்டும் மாறவில்லை. அதை மொழிமாதிரி எழுதித் தர முடியாது, எங்கோ ஒரு ஆள் கவுன்ட்டரில் நின்று திறந்திருக்க வேண்டும். பேச்சை ரோபோவிடம் விடுங்கள், தாராளமாக. கணக்கு கேட்கும் கடிதத்தைக் கையால் எழுதுங்கள்.

சும்மா_ஒரு_கேள்வி:

நிலா அக்கா சொன்ன மாதிரி ஒரு ஐபேனைப் போட்டுப் பார்த்தேன். ஜெர்மன் கணக்கு, 22 எழுத்து சரியா இருக்கு, ஆனா நடுவுல ஒரு எழுத்து வருது. அதையும் எண்ணா மாத்தி வகுத்தா மீதி 1 வரல. போலியா?

நிலா92:

ஜெர்மன் ஐபேனில் டிஇ-க்குப் பிறகு வருவது எல்லாம் எண்கள்தான், எழுத்தே வரக்கூடாது. நடுவில் நிற்பது 'ஓ'வா பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஓ தட்டியிருப்பான், இல்லையென்றால் படத்திலிருந்து எழுத்தாக மாற்றும்போது அப்படி விழுந்திருக்கும். பூஜ்யம் போட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள். 1 வந்தாலும் நீங்களாகத் திருத்தி வங்கிக்கு அனுப்ப வேண்டாம். "கவுன்ட்டரில் ஒரு எழுத்து தப்பு என்று திருப்பிவிட்டார்கள், எண்ணை மறுபடி எழுதி அனுப்புங்கள்" என்று அவனிடமே கேளுங்கள். அவன் கைப்பட உரையாக எழுதிய இரண்டாவது அஞ்சல் கிடைக்கும், அதைத்தான் .ஈஎம்எல் ஆக இணைக்க வேண்டும்.